சூளை ஏறாத ஆறு

என் வீட்டுக்காரர் செத்துப்போன அன்று அவரை நினைத்து அழுததைவிடச் சூளையை நினைத்துத் தவித்ததுதான் அதிகம். இதைச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போனவரைத் திருப்பிக் கூட்டிவர என்னால் ஆகாது. ஆனால் அவர் வரைந்த ஆறு வீட்டில் இருந்தது. அதைச் சூளையில் ஏற்றிச் சுட்டுவிட்டால் நாங்கள் எல்லாரும் போன பிறகும் அப்படியே நிற்கும். சுடாவிட்டால் ஒரு ஈரத்துணி பட்டாலே போய்விடும். எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான்.

அவர் பெயர் நிலவன். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கொலு பொம்மைகளுக்குக் கண் போடுகிற வேலை. கிருஷ்ணனுக்குக் கண், செட்டியாருக்குக் கண், கல்யாண செட்டில் மேளக்காரருக்குக் கண். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வேறு எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. நான் அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியில் இருக்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஓரமாகப் பிசிறு நிற்கும், அதைச் சுரண்டி எடுப்பது என் வேலை. நான் சுரண்டி விட்டதற்கு அவர் கண் திறப்பார் என்று எஸ்டேட்டில் கேலி பேசுவார்கள். எங்களுக்கு ஒரே பெண், இளமதி. காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள்.

அவர் ஆறு வரையக் காரணமான படத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, இங்க பாரேன். நம்ம ஆறு."

வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ ஒருவன் மணிமுத்தாற்றங்கரையில் உட்கார்ந்து தண்ணீர் வண்ணத்தில் வரைந்த படம். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் வரைந்தது, வரைந்தவன் பெயர் தெரியாது என்று போட்டிருந்ததாம். எங்கோ வெளிநாட்டில் ஒரு மியூசியத்தில் கிடக்கிறது. ஆறு இரு கரையும் நிறைந்து போகிறது. தூரத்தில் கோபுரங்கள், ஈரத்துணிக்குப் பின்னால் தெரிகிற மாதிரி மங்கலாக. வானத்தின் அடியில் மட்டும் ஒரு ரோஸ் நிறம். அந்த ரோஸ் தண்ணீரிலும் விழுந்து கிடக்கிறது. கரையில் தனியாக ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள்.

"சாயங்காலம் நல்லா இருக்குது" என்றேன்.

"சாயங்காலமா? விடியக்காலைம்மா. கீழ எழுதியிருக்குது" என்றாள் இளமதி.

"எழுதுனவன் கண்டானா? எனக்குச் சாயங்காலமாத்தான் தெரியுது."

 என் வீட்டுக்காரர் போனைக் கையில் வாங்கி விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. மறுநாள் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடையில் அதைக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து சுவரில் ஒட்டினார். எதுக்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"இத்தினி வருஷமா கண்ணு போடறேன் கோதை. ஒரு கண்ணாவது எதையாவது பாக்குதா? பாக்குறதுக்கு ஒண்ணு வரைஞ்சி வெக்கிறேன்" என்றார்.

அப்போதே அவருக்கு நெஞ்சில் கோளாறு. பீங்கான் மாவுத்தூசி நுரையீரலில் போய்ப் படிந்துவிட்டது என்று பாண்டிச்சேரியில் டாக்டர் சொல்லிவிட்டார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு உட்கார்ந்தவருக்கு இந்தப் படம் கிடைத்தது. கோணல் என்று கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட வெள்ளை டைல்ஸ் கொஞ்சம் வாங்கிவந்தார். ஒரு பலகையில் அவற்றை வரிசையாக நெருக்கி அடுக்கி, முன்அறைச் சுவரோரம் சாய்த்து, தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். வீடு முழுக்க டர்பன்டைன் நாற்றம். அது வேறு இருமலைக் கிளப்பும். நான் கத்துவேன். அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி உட்காருவார்.

எங்கள் வேலையில் ஒன்று இருக்கிறது. டைல்ஸ் மேல் பூசுகிற கலர் வெறும் பொடிதான், எண்ணெயில் குழைத்துப் பூசுவது. சூளையில் ஏறிச் சூடு பட்டால்தான் கண்ணாடிபோல உருகிப் பிடிக்கும். அதுவரைக்கும் விரல் பட்டால் வந்துவிடும். நிறமும் அப்போது வேறு. அந்த ரோஸ் இருக்கிறதே, சுடுவதற்கு முன் ரோஸாகவே இருக்காது. சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. உள்ளே ரோஸ் இருக்கிறது என்று போட்டவனுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் வானம் முழுக்க, ஆறு முழுக்க அந்தப் பழுப்பைத்தான் பூசிவைத்திருந்தார். கோபுரமும் ஆளும்கூட அதே பழுப்பில் சின்னச்சின்னதாகத்தான், தெரிந்தவர் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உடம்பு விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரி, "என்னா பூங்கோதை, டைல்ஸெல்லாம் இப்படிக் கறை புடிச்சிக் கெடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் சிரித்து, சிரித்ததில் இருமி, எனக்குத்தான் பயமாகிவிட்டது.

பழமலைநாதன் அவரோடு பள்ளிக்கூடம் படித்தவர், எஸ்டேட்டில் சின்னதாகச் சொந்தச் சூளை வைத்திருக்கிறார். சரக்கு நிரம்பினால்தான் அவர் சூளை மூட்டுவார். இடையில் ஒரு தரம் மூட்டும்போதே கேட்டார்.

"நிலவா, எடம் இருக்குது. குடு, ஏத்திடறேன்."

"இன்னும் ஒரு ஆளு பாக்கி பழமலை. அடுத்த தரம் குடுக்கறேன்."

அந்த ஒரு ஆள், கரையில் நிற்கிற பெண்பிள்ளை. அவளை எழுதி எழுதித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் பார்த்தால் அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"வெள்ளக்காரன் படத்துல இல்லாத புள்ள எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. அவன் தூரத்துல உக்காந்திருந்தான், அவனுக்குத் தெரியல."

"யாரு புள்ள?"

"நான்தான். அது எங்க அக்கா."

அவர் அக்கா விருத்தாம்பாள், சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இவர் தவழும்போதே என் மாமியார் போய்விட்டாராம். அக்காதான் தூக்கிச் சுமந்து, சோறு ஊட்டி, ஆற்றில் குளிப்பாட்டி ஆளாக்கியவர். தம்பி ஒரு வேலைக்குப் போகிறவரைக்கும் கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் அண்ணிக்கும் மட்டும் எப்போதும் ஆகாது. சண்டை என்று பெரிசாக ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தத்தினால் வருகிற தகராறு. அண்ணி வீட்டுக்கு வந்தால் பையைக் கீழே வைக்கும் முன் அடுப்பைப் பார்ப்பார். நான் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்ப்பார். "நான் ஒண்ணும் சொல்லல யம்மா, சும்மாதான தேய்க்கிறேன்" என்பார். அந்தச் 'சும்மா'வில் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

படத்தைப் பற்றி அக்காவிடம் சொல்லக்கூடாது, முடித்துச் சுட்டு, சுவரில் பதித்த பிறகு வரச்சொல்லிக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார் என் வீட்டுக்காரர். ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண்பிள்ளை முடிந்தாள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "பழமலைகிட்ட சொல்லிடு, வியாழக்கிழமை ஏத்திடலாம்" என்றார். மறுநாள் காலை நான் டீ போட்டு எடுத்துவந்தபோது அவர் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து டீயைப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம்தான் தொட்டுப் பார்த்தேன்.

வீடு நிரம்பிவிட்டது. ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று முன்அறையைக் காலி செய்தார்கள். நானும் இளமதியும் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் சமையலறைக்குப் போகிற நடையில் சாய்த்தோம். மாலை போடுகிறவர்கள், வாய்க்கரிசி போடுகிறவர்கள், தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. நான் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம் சாயாதீங்க! அத தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். என்னைப் பார்த்தவர்கள் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மேலே ஒரு துணி போட்டு மூடவும் பயம். துணி உரசினாலும் கலர் வந்துவிடும்.

பழமலைநாதன் மாலையோடு வந்து நின்று விசும்பினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, சூளை எப்ப?"

"இப்பவா தங்கச்சி அத கேக்கற?"

"வியாழக்கிழமையா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"வியாழக்கிழமைதான். நானே வந்து எடுத்துக்கிட்டுப் போறேன். நீ மனச வுட்றாத."

அண்ணி கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. "யப்பா, என் சாமி, இந்த இடுப்புல ஒன்னத் தூக்கிட்டுத் திரிஞ்சேனே, என்னய தூக்கிவுடுவன்னு இருந்தேனே" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு விழுந்தார். அவரைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலில் அழுகை வந்தது. எங்களுக்குள் இருந்த தகராறெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். யார் கொள்ளி வைப்பது என்று பங்காளிகள் பேச ஆரம்பிக்க, இளமதி எழுந்து, "எங்கப்பாவுக்கு நான் வெப்பேன்" என்றாள். பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார் ஒரு பெரியவர். எனக்கு வந்ததே கோபம். "அவருக்குப் பொறந்தது அவ ஒருத்திதான். அவ வராம நீ வந்து என்னா பண்ணப்போற?" என்று கேட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். என் பெண் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும் என்று அனுப்பிய எனக்கு, வீட்டில் அந்தப் பலகைக்குக் காவல் இருந்தது அவள்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

பிணம் தெருவைத் தாண்டினதும் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் பக்கத்து முறை. ஆம்பிளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் கழுவி, விளக்கேற்றி வைத்துவிட வேண்டும். பிணம் இருந்த வீட்டில் எதையும் கழுவாமல் வைக்கக்கூடாது. என்னைத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். காதிலெல்லாம் தண்ணீர். உள்ளே வாளி உருளுகிற சத்தமும் துடைப்பத்தின் சத்தமும் கேட்டன. கேட்டும் என் புத்தியில் ஏறவில்லை.

ஈரத்தலையோடு முன்வாசலுக்கு வந்தேன். படிக்கட்டில் வெயில் அடித்தது. அங்கே பலகையிலிருந்த டைல்ஸ் எல்லாம் ஒன்றையொன்று தொடாமல் சாய்த்துக் காயவைத்திருந்தது. வெள்ளை வெளேர் என்று. கண் கூசியது. கடைசி டைல்ஸை மடியில் வைத்து அண்ணி தேய்த்துக்கொண்டிருந்தார். சேலை முழங்கால்வரை செருகியிருந்தது, கையில் தேங்காய்நார், பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற பொடி. பழுப்புத் தண்ணீர் படியிலிருந்து இறங்கி, வாசல் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

"போச்சே!" என்று அலறினேன். "ஐயோ போச்சே! எல்லாம் போச்சே!"

அண்ணி டைல்ஸை வைத்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "போயிட்டானே யம்மா. நம்மள வுட்டுட்டுப் போயிட்டானே" என்று அவரும் அலறினார். சுற்றி நின்ற பெண்களும் எங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "அழுதுடு. காலையிலேர்ந்து அழாம கல்லு மாதிரி உக்காந்திருந்தா. அழட்டும், வுடுங்க" என்றாள் ஒருத்தி. நான் என்ன சொல்லி அழுகிறேன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணியின் ஈரக்கையில் டர்பன்டைன் வாசம் அடித்தது. அதை மோந்துகொண்டே அழுதேன்.

கொஞ்சம் ஓய்ந்தபின் அண்ணியே சொன்னார். "அந்த டைல்ஸெல்லாம் பாத்தியா, ஒரே சேறு. நாளைக்கி பாலுக்கு வர்றவங்க பாத்தா என்னா நெனப்பாங்க? என்னா கறையோ, லேசுல போவல. நாரு போட்டுத் தேச்சேன். என் தம்பிக்கி நான் வேற என்னத்தச் செய்யப்போறேன், அவன் வூட்டச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

அப்போது என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. வந்தது, வெளியே வரவில்லை. அலறி அலறிக் குரல் போயிருந்தது என்பதுதான் காரணம். பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

இளமதி சுடுகாட்டிலிருந்து வந்தாள். நடையைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். "யாரு?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். நானே கேக்கறேன். காரியம் முடியட்டும், நானே நேருக்கு நேரா கேக்கறேன்."

வியாழக்கிழமை பழமலைநாதன் வந்தார். டைல்ஸ் உரசாமல் எடுத்துப்போக தட்டுத்தட்டாகத் தடுத்த மரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். நான் வெள்ளை டைல்ஸைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். அந்த மனுஷன் காலி பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அந்தத் தரமே புடுங்கிட்டுப் போயிருக்கணும் தங்கச்சி. ஒரு ஆளு பாக்கின்னான், நானும் வுட்டுட்டேன்" என்றார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

காரியம்வரைக்கும் எனக்கு அண்ணியோடு மனதுக்குள் சண்டைதான். சோறு வடிக்கும்போது சண்டை, படுத்தால் சண்டை. உங்கள யாரு தேய்க்கச் சொன்னது? ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? என் வூட்டுல ஒரு பொருளு அதும்பாட்டுக்கு இருந்தா உங்களுக்குப் பொறுக்காதா? இப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கூர்தீட்டி வைத்தேன். அவர் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த நாட்களை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணி வந்தார். பூ வைத்து, வளையல் போட்டு உடைக்கிற கூத்தெல்லாம் எனக்குச் செய்யக்கூடாது என்று முன்பே சண்டை போட்டு நிறுத்தியிருந்தேன். அதற்கு அண்ணி என் பக்கம் பேசினார் என்று பிறகுதான் தெரிந்தது. ஆற்றங்கரையில் இளமதி பிண்டம் வைத்தாள். "காசிக்கு வீசம் கூட இந்த மண்ணு. நல்ல எடத்துலதான் போயிருக்கான்" என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படையல் போட்டு, சாப்பிட்டு, ஒவ்வொருவராகக் கிளம்பி, கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். அண்ணி பெரிய குண்டானையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதுதான் நேரம் என்று நான் நிமிர்ந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். என் முழங்கால் மேல் கையை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யம்மா பூங்கோதை, போன மாசம் போன்ல பேசுறப்ப எனக்கு என்னமோ காட்டணும்னான் தம்பி. முடியட்டும், சொல்றேன், வந்து பாருக்கான்னான். என்னா அது? ஒனக்குத் தெரியுமா?"

இளமதி சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

நான் அண்ணியின் கையைப் பார்த்தேன். தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தது. நகம், விரல் கணு, கட்டைவிரலின் வளைவு எல்லாம் அச்சு அசல் என் வீட்டுக்காரர் கை. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. தீட்டி வைத்த கேள்வி ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"ஒரு படம் அண்ணி. டைல்ஸுல வரைஞ்சாரு."

"எங்க இருக்குது? காட்டு."

"சூளையில வெச்சோம். வெடிச்சிப்போச்சு."

பொய் எங்கிருந்து வந்ததோ, அத்தனை சுளுவாக வந்துவிட்டது.  "என்னா படம்?" என்றார் அண்ணி.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும்போல் எனக்கு அடித்துக்கொண்டது. கையில் வேறு என்ன இருக்கிறது, சொல்லியாவது கொடுப்போம் என்று நினைத்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போவதைச் சொன்னேன். கோபுரங்களைச் சொன்னேன். விடியற்காலை வெளிச்சம் தண்ணீரில் விழுந்ததைச் சொன்னேன். கரையில் ஒரு பெண்பிள்ளை இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள் என்று சொன்னேன்.

"யாரு அது?"

"நீங்கதான் அண்ணி. இடுப்புல அவரு. அவரே சொன்னாரு."

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.  அதை எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ள எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்."

"ஆமா. எனக்கு இடது பக்கம்தான் வாட்டம். பரவால்லியே, ஞாபகம் வெச்சிருந்திருக்கானே என் சாமி."

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தவர் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

"ஏண்டி, சூளையில வெச்சா வெடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் அந்த வேலதானடி பாக்கற? என் தம்பி கடைசியா செஞ்சது, அதுல என்னய எழுதி வெச்சிருந்தான், அத போயி நெருப்புல வெச்சியே. உனக்கு என்னா அவசரம்? அப்படியே வெச்சிருந்தா என்னா? நானா இருந்தா, யாரையும் தொட வுடாம தெனம் ஈரத்துணி வெச்சித் தொடச்சி சாமி மாதிரி வெச்சிருப்பேனேடி. ஒரு பொருள பத்தரமா வெச்சிக்கத் துப்பு இல்லையா ஒனக்கு? அடுப்பத்தான் அப்படிப் போடுவ, இதையுமா?"

"அத்த..." என்று இளமதி எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"இளமதி, அத்தைக்குக் காப்பி போட்டு எடுத்தா."

"யம்மா!"

"போடி உள்ள."

அவள் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனாள். உள்ளே டம்ளர் ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு வாய் இல்லையா? தெருவில் கேட்டுப் பாருங்கள், பூங்கோதை வாய்க்குப் பயந்து குழாயடியில் வரிசை நேராக நிற்கும். ஒரு பேச்சு வாங்கினால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிறவள் நான்.

"தப்புதான் அண்ணி. எனக்கு அறிவில்லாமப் போச்சு" என்றேன்.

காப்பி வந்தது. அண்ணி தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, அது முறை. காரியத்துக்கு வந்தவர்களும் அன்றைக்கு அப்படித்தான் ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணியும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். முறைக்காகப் பேசாமல் போனாரா, என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போனாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வாசலில் நின்று அவர் தெரு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசம் ரெண்டாகிவிட்டது. அண்ணியிடமிருந்து ஒரு போன் இல்லை. நான் பண்ணினாலும் எடுப்பதில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, "என் தம்பி பொருள நெருப்புல போட்டவ" என்று அண்ணி என்னைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதிலிருந்து இளமதி என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

"உண்மையச் சொல்லிடும்மா. செய்யாத தப்புக்கு நீ ஏன் பேச்சு வாங்கற?"

என்னத்தைச் சொல்ல? உங்க தம்பி உங்கள எழுதி வெச்சிருந்தாரு, நீங்களே உங்களையும் அவரையும் நாரு போட்டுத் தேச்சி சாக்கடையில வுட்டீங்கன்னா? எனக்கு அண்ணி மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த வெள்ளை டைல்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அந்தம்மா இனிமேல் சோறு பிசைய வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டே பிசைந்து தின்னட்டும், ஒரு வாய் இறங்கினால் போதும்.